உறக்கம் காத்த உத்தமர்

கொடைக்கு ஒரு பாரி, பொறுமைக்கு ஒரு தருமன், வாய்மைக்கு ஓர் அரிச்சந்திரன் என்று அடுக்கிவைத்துப் போற்றும் நம் நாடு, வீட்டார் உறக்கத்தைக் கண்ணிமைபோல் காத்த ஒருவருக்கு இதுவரை அந்த வரிசையில் ஓர் இருக்கை போடாமல் விட்டது பெருங்குறை. அந்தக் குறையைத் தீர்க்கவென்றே தென்சென்னையில், ஒன்பது மாடி அடுக்ககம் ஒன்றின் நான்காம் தளத்தில், மூன்று படுக்கையறையும் காற்றோட்டமான பால்கனியும் அமைந்த இல்லத்தில் ஒரு பெருந்தகை எழுந்தருளியிருக்கிறார். குடியிருப்போர் சங்கத்தின் நிரந்தரச் செயலாளரும் அவரே. அவருடைய திருப்பெயரை இங்கே எழுதி அவருடைய அடக்கத்துக்கு ஊறு செய்ய மாட்டேன். அவர் வாழும் தெருவில் போய் நின்று, அவரைப் போன்றவர் யார் என்று கேட்டால் எந்த வீட்டைக் காட்டுவது என்று தெரியாமல் மக்கள் திகைக்கும் அளவுக்கு அவருடைய வழி இன்று ஊரெங்கும் பரவியிருக்கிறது.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு நியூ ஜெர்சியிலிருந்து வந்த அவருடைய அருமை மகள், சாக்லேட்டுக்கும் வைட்டமின் மாத்திரைக்கும் நடுவே ஐந்து ஸ்மோக் அலாரங்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். கூடவே ஒரு தாளில் அவற்றை எங்கெங்கே மாட்ட வேண்டும் என்று எழுதியும் கொடுத்தாள். படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே, நடையில் ஒன்று, ஹாலில் ஒன்று. அடுப்பிலிருந்து 10 அடியாவது தள்ளி. ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்தும், ஏசி காற்று வரும் வாயிலிருந்தும், குளியலறைக் கதவிலிருந்தும் 3 அடியாவது தள்ளி. சீலிங்கில் மாட்டுவது நல்லது. சுவரில்தான் முடியும் என்றால் சீலிங்குக்குக் கீழே 12 அங்குலத்துக்குள். மாதம் ஒருமுறை பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 10 ஆண்டு ஆனதும் கருவியையே மாற்ற வேண்டும். இவ்வளவையும் எழுதி, கீழே கோடு போட்டு, ‘அப்பா, ப்ளீஸ்’ என்றும் சேர்த்துவிட்டு அவள் விமானம் ஏறினாள்.

பெருந்தகை அந்தத் தாளை இருமுறை வாசித்தார். மகளின் கையெழுத்து இன்னும் முத்து முத்தாக இருப்பதை வியந்தார். மடித்து, பீரோவில் பழைய கரண்ட் பில்களோடு பத்திரப்படுத்தினார். பிறகு, பிறர் சொல்லைக் கடன் வாங்காத பேரறிவு ஒன்றை மட்டும் துணைக்கொண்டு திருப்பணியில் இறங்கினார்.

இந்த இடத்தில் அயல்நாட்டாரின் எளிய நிலையை நினைத்து இரங்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் வீட்டுத் தீயில் இறப்போரில் ஏறக்குறைய ஐந்தில் மூவர், அலாரமே இல்லாத வீட்டிலோ, இருந்தும் வேலை செய்யாத வீட்டிலோ இறக்கிறார்கள் என்று அந்நாட்டுத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் கணக்கெழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைக் கண்டு அஞ்சி அவர்கள் வீடெல்லாம் கருவி மாட்டுகிறார்கள். சிங்கப்பூர் அரசு 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் இந்தக் கருவி இருந்தே தீர வேண்டும் என்று விதித்துவிட்டது. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரியிலிருந்து ஹாலிலும் நடையிலும் சமையலறையிலும் கருவிகள் இருக்க வேண்டும்; ஒன்று ஒலித்தால் வீட்டிலுள்ள எல்லாமும் சேர்ந்து ஒலிக்கும்படி இணைத்திருக்கவும் வேண்டும். சட்டம் பிடித்துத் தள்ளினால்தான் நகரும் மக்கள் அவர்கள். நம் பெருந்தகையோ, சட்டமும் சங்கமும் தீயணைப்புத் துறையும் ஒரு வார்த்தை சொல்லாமலே, ஐந்து கருவிகளுக்கும் தாமே இடம் தேர்ந்தருளினார். அந்த ஐந்து இடங்களின் சிறப்பையும் முறையாகச் சொல்கிறேன்.

முதலாவது, சமையலறை. புகை பிறக்கும் இடத்திலேயே புகையைப் பிடிக்க வேண்டும் என்பது பெருந்தகையின் சித்தாந்தம். ஆகவே கேஸ் அடுப்புக்கு நேர் மேலே, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சிம்னிக்குப் பக்கத்தில், முதல் கருவி முடிசூடியது. வீட்டை எரிக்கும் புகை எது, வற்றல் பொரிக்கும் புகை எது என்று பிரித்தறியும் பயிற்சி அந்தக் கருவிக்கு இல்லை. முதல் நாள் காலையில் அப்பளம் பொரித்தபோது அலறியது. அன்று மாலை காய்ந்த மிளகாய் தாளித்தபோது அலறியது. மறுநாள் தோசைக்கல் காய்ந்தபோது அலறியது. முறத்தை எடுத்து விசிறி விசிறி அம்மையாருக்குத் தோள் வலி கண்டது. ‘என்னங்க, இதைக் கொஞ்சம் தள்ளி ஹால் பக்கம் வெக்கக் கூடாதா?’ என்று அவர் கேட்டார். இடத்தை மாற்றுவது கொள்கையை மாற்றுவதாகும். பெருந்தகை கொள்கை மாறாதவர். ஸ்டூல் போட்டு ஏறினார், மூடியைத் திருகினார், உள்ளிருந்த இரண்டு பென்சில் பேட்டரிகளையும் எடுத்து டிவி ரிமோட்டில் போட்டருளினார். அன்றிரவு கிரிக்கெட் மேட்ச். கருவி இன்றும் அதே இடத்தில், அதே கம்பீரத்தோடு இருக்கிறது. அதன்பின் ஒரு முறைகூடப் பொய்ச் சத்தம் எழுப்பியதில்லை. மெய்ச் சத்தத்துக்கும் அதே உறுதிமொழி உண்டு.

சமையலறைக்குப் புகையை அறியும் கருவி பொருந்தாது, வெப்பத்தை அறியும் கருவியே பொருந்தும் என்று ஸ்காட்லாந்தார் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தாளிக்கத் தெரியாது என்பதால் அந்தக் கருத்தைப் பெருந்தகை பொருட்படுத்தவில்லை. தாளிப்புக்கெல்லாம் கத்துகிறது என்று பேட்டரியைக் கழற்றுவதுதான் உலகெங்கும் இந்தக் கருவிகள் ஊமையாவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஆக, உலகப் பேரியக்கம் ஒன்றில் நம் தெருவும் இடம்பெற்றது அவரால்தான்.

இரண்டாவது, ஹால். அங்கே சீலிங் ஃபேனுக்கு ஒரு சாண் தள்ளி இடம் வாய்த்தது. கருவிக்குக் காற்றோட்டம் வேண்டாமா என்ற கருணை அது. சென்னையில் ஹால் ஃபேன் நிற்பது கரண்ட் போகும்போது மட்டும்தான். சோபாவின் ஃபோம் உள்ளே கனன்று, முதல் புகை இழை எழுந்து கூரையைத் தேடி வரும்போது, அந்த ஃபேன் அதைக் கலைத்து, நாலு திசைக்கும் விரட்டி, கருவியின் அறைக்குள் நுழையாதபடி பார்த்துக்கொள்ளும். முன்னாளில் அரசர்க்குச் சாமரம் வீசினார்கள், ஈ அண்டாமலிருக்க. இங்கே கருவிக்குச் சாமரம் வீசப்படுகிறது, புகை அண்டாமலிருக்க. புகையறியும் கருவியைப் புகைபடாமல் வளர்த்த அருள் உள்ளத்தை இதற்கு முன் எந்த ஊரார் கண்டிருக்கிறார்கள்!

மூன்றாவது, அன்னையாரின் அறை. பெருந்தகையின் தாயாருக்கு எண்பது கடந்துவிட்டது. தாயின்மீது அவருக்குள்ள பக்தியை ஊரே அறியும். அந்த அறைக்குக் கருவி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், ஏணியைச் சாத்திவிட்டு, ‘சார், சீலிங்லதான் வெக்கணும். டப்பாவுலயே படம் போட்டிருக்கு பாருங்க’ என்றார். ‘இப்பதான்ப்பா ஃபால்ஸ் சீலிங் போட்டு பெயின்ட் அடிச்சிருக்கு. ஓட்டை போட்டா அசிங்கமா இருக்கும். சுவிட்ச் போர்டு பக்கத்துல வெச்சுடு, மேட்ச் ஆகும்’ என்று பெருந்தகை திருவாய் மலர்ந்தார். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், ஜன்னல் திரைச்சீலை இழுத்துவிட்டால் மறைந்துவிடும் இடத்தில், வெள்ளைச் சுவிட்சுகளின் அருகே வெள்ளைக் கருவி ஒட்டிக்கொண்டது. பார்க்க உண்மையிலேயே மேட்ச் ஆகிறது.

அந்த உயரத்தின் அருமையை விளக்கினால்தான் விளங்கும். சூடான புகை நேரே மேலே ஏறும். கூரையைத் தொட்டதும் பாயாக விரியும். விரிந்து சுவரைத் தொட்டபின் அடுக்கடுக்காகக் கீழே இறங்கும். கூரையில் இருக்கும் கருவி, படியேறி வந்த புகையை முதல் நொடியிலேயே மடக்கி ஊரைக் கூட்டிவிடும். இது என்ன மரியாதை? வந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தி விசாரிப்பது தமிழர் பண்பாடா? பெருந்தகையின் ஏற்பாட்டில் புகைக்கு அவசரமே இல்லை. கூரையைச் சுற்றிப் பார்க்கலாம். பரணில் உள்ள பழைய துணி மூட்டைகளை நலம் விசாரிக்கலாம். ஃபேனைத் தாண்டி, சாமி படங்களைக் கடந்து, மெல்ல மெல்ல இறங்கி வரலாம். நாலரை அடி வரை அது இறங்கியபிறகு திரைச்சீலையை விலக்கிக்கொண்டு கருவியைச் சந்திக்கலாம். அதற்குள் அந்த அறையில் எழுந்து நிற்கும் எவருடைய மூக்கும் வாயும் புகைக்குள் மூழ்கியிருக்கும். விருந்தோம்பலில் இதற்குமேல் ஒரு படி இல்லை.

அப்படியே கருவி ஒலித்தாலும் அன்னையார் அலுங்க மாட்டார். இந்தக் கருவிகள் பெரும்பாலும் எழுப்புவது ஏறக்குறைய மூவாயிரம் ஹெர்ட்ஸ் கொண்ட கீச்சுக் குரல். வயதேறும்போது காது முதலில் கைவிடுவது அந்தக் கீச்சுக் குரல்களைத்தான். அதனாலேயே முதியோர் படுக்கையறைக்கு 520 ஹெர்ட்ஸ் அளவில் கட்டைக் குரலில் ஒலிக்கும் அலாரமோ, தலையணைக்கு அடியில் அதிரும் கருவியோ வேண்டும் என்று அங்கெல்லாம் ஏற்பாடு செய்கிறார்கள். நம் அன்னையார் இரவு ஒன்பது மணிக்குக் காது மிஷினைக் கழற்றி, தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணயர்கிறார். அவருடைய அறையில் ஏற்றிய கொசுவர்த்திச் சுருள் காலைவரை புகைகிறது. தாயின் உறக்கத்துக்கு இத்தனை அரண் கட்டிய மைந்தனைப் பெற அந்தத் தாய் என்ன தவம் செய்தாரோ!

நான்காவது, குளியலறை வாசல். நடையில் ஒன்று என்று மகள் எழுதியிருந்தாள் அல்லவா? மகள் சொல்லைத் தட்டாத தந்தை, நடையில்தான் மாட்டினார். குளியலறைக் கதவுக்கு மேலே. ஏற்கெனவே அங்கே ஓர் ஆணி இருந்தது. இருக்கும் ஆணியை விட்டுவிட்டுப் புது ஆணி அடிப்பது ஊதாரித்தனம். விடியற்காலை ஐந்து மணிக்கு கீசர் போட்டு வெந்நீரில் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால், வெளியே பாயும் நீராவியைக் கண்டு கருவி கத்தித் தீர்த்தது. ஆவியின் நுண்துளிக்கும் புகையின் நுண்துகளுக்கும் அதனுள் இருக்கும் ஒளிக்கதிருக்கு வேறுபாடு தெரியாது. மூன்றாம் நாள் பெருந்தகை ஒரு பிளாஸ்டிக் கவரைக் கருவியின்மேல் மாட்டி, ரப்பர் பேண்டால் இறுக்கினார். ஜவுளிக்கடைக் கவர். ஒளி ஊடுருவும் தரம் என்பதால் உள்ளே பச்சை விளக்கு மினுக்குவது வெளியே நன்றாகத் தெரிகிறது. வருகிறவர்களிடம் அதைக் காட்டி, ‘ஆன்லதான் இருக்கு, பாருங்க’ என்று சொல்லும்போது அவருடைய முகத்தில் தோன்றும் நிறைவுக்கு விலையில்லை.

ஐந்தாவது கருவியே ஐந்திலும் தலையாயது. அது ஹால் ஷோகேஸில், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கும் பேரனின் சதுரங்கக் கோப்பைக்கும் இடையே, அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல், மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையும் கிழியாமல் வீற்றிருக்கிறது. ‘நல்ல கம்பெனிப் பொருள். வீணாக்க வேண்டாமே’ என்பது பெருந்தகையின் அருள்வாக்கு. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமான் காவலில் வைத்துக் காத்த படைக்கலங்களின் பளபளப்பைக் கண்டு வியந்து பாடினார். அன்று அந்தப் பாட்டைப் பெறும் பேறு தொண்டைமானுக்குக் கிடைத்தது. இன்று ஔவையார் இருந்திருந்தால் நேரே இந்த ஷோகேஸின் முன்தான் வந்து நின்றிருப்பார். கீறல் இல்லை, தூசி இல்லை, ஒரு நாள்கூடப் போர்க்களம் கண்டதில்லை. பின்புறம் அச்சிட்ட தயாரிப்புத் தேதியிலிருந்து அதற்குரிய 10 ஆண்டும் பெட்டிக்குள்ளேயே கழிந்து, கன்னி கழியாமல் குப்பைக்குப் போகும் பேறு அதற்குக் காத்திருக்கிறது.

கருவி பெறாத இரண்டு படுக்கையறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றில் பெருந்தகையும் அம்மையாரும் உறங்குகிறார்கள். மற்றொன்றில் மகனும் மருமகளும் பேரனும். அங்கே கருவி இல்லாததுதான் இந்த இல்லத்தின் உச்சச் சிறப்பு. இரவில் ஏசி போட்டதும் கதவுகள் சாத்தப்படுகின்றன. சாத்திய கதவு வெளிச்சத்தத்தில் பெரும்பகுதியை வாசலிலேயே நிறுத்திவிடும். ஏசியின் இரைச்சல் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மகனுடைய செல்போன் தலையணைக்கு அடியில் சார்ஜ் ஏறுகிறது. மெத்தை, ஃபோம். பஞ்சு மெத்தை மெல்லக் கனலும். ஃபோம் பற்றினால் சில நிமிடங்களில் அறையே நெருப்பாகிவிடும், அதற்கு முன்பே நச்சுப்புகை நிறைந்துவிடும். தூங்கும்போது புகைநாற்றம் வந்தால் எழுந்துவிட மாட்டோமா என்று கேட்போர் உண்டு. மூக்கு அந்த வேலையை நம்பிக்கையாகச் செய்யாது. ஆழ்ந்த உறக்கத்தில் நாற்றம் ஆளை எழுப்புவது அரிது. புகையில் கலந்துவரும் கார்பன் மோனாக்சைடுக்கோ நாற்றமே இல்லை. அது உறங்குபவரை மேலும் ஆழமான உறக்கத்துக்குக் கைபிடித்து அழைத்துச் செல்லும். பாட்டி பாடிய தாலாட்டுக்குக்கூட அடங்காத பேரன் அதற்கு அடங்கிவிடுவான். படுக்கையறைக்குள் ஒன்று, அதன் வாசலுக்கு வெளியே ஒன்று என்று உலகத்தார் ஒற்றைக் காலில் நிற்பது இந்த உறக்கத்தைக் கெடுக்கத்தான். அந்தச் சதியைத் தன்னந்தனியாக முறியடித்தவர் நம் பெருந்தகை.

இத்தகையவரிடம் ஒரு வீட்டின் பொறுப்பை மட்டும் ஒப்படைத்திருந்தால் அது ஊர் செய்த குற்றமாகியிருக்கும். நல்ல வேளை, அடுக்ககத்தின் 72 வீடுகளையும் செயலாளர் என்ற முறையில் அவர் ஆண்டுவருகிறார். நடைகளின் சீலிங்கில் பில்டர் மாட்டிக்கொடுத்த டிடெக்டர்கள் வரிசையாக இருக்கின்றன. கட்டுமான வேலை நடக்கும்போது தூசி படாமலிருக்க மாட்டிய ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் மூடிகளைச் சாவி கைக்கு வந்ததும் கழற்றியெறிவது வழக்கமாம். பெருந்தகை ஒன்றைக்கூடக் கழற்ற விடவில்லை. ‘புது மாதிரியே இருக்கட்டும்’ என்றார். எட்டு ஆண்டுகளாகப் புது மாதிரியே இருக்கின்றன. மூடி கழன்ற இரண்டு மூன்றின்மேல் சென்ற பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்கள் இரண்டு கோட் எமல்ஷன் பூசி, துளைகளையும் அடைத்துச் சமன் செய்துவிட்டார்கள். இப்போது சிலந்திகூட உள்ளே போக முடியாது.

கீழே செக்யூரிட்டி அறையில் ஃபயர் அலாரம் பேனல் இருக்கிறது. எங்கோ ஒயர் அறுந்திருப்பதாக மஞ்சள் விளக்கு எரிந்து, இரவெல்லாம் பீப் பீப் என்று அது முறையிட்டுவந்தது. ‘சார், கண்ண மூட முடியல சார்’ என்று வாட்ச்மேன் அண்ணன் வந்து நின்றார். இரவுக் காவலர் தூங்க முடியவில்லை என்று கலங்கினால் எந்தச் செயலாளரின் நெஞ்சு இளகாது? சத்தத்தை மட்டும் நிறுத்தும் பட்டனை அழுத்திக் காட்டிக்கொடுத்தார். ஒயரைத் தேட ஆளை அழைத்தால் ஏஎம்சி காசு கேட்பான் என்பதால் அந்தச் செலவையும் சங்கத்துக்கு மிச்சப்படுத்தினார். பேனலின் கைப்பிடியில் இப்போது வாட்ச்மேனின் டிபன் பை தொங்குகிறது. மாடிப்படிக்கு அடியில், மீட்டர் போர்டுகளின் முன்னால், மூன்று எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரவுதோறும் சார்ஜ் ஏறுகின்றன. பக்கத்திலேயே பழைய பேப்பர்க் கட்டுகள். மேலே ஒன்பது மாடிக்கும் ஏறும் ஒரே படிக்கட்டு. அதன் கதவுகள் காற்றுக்காகச் செங்கல் வைத்துத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன.

பெருந்தகை செய்தி வாசிக்காதவர் என்று யாரும் எண்ண வேண்டாம். 2024 ஜூன் 12 விடியற்காலையில், குவைத்தின் மங்காஃப் பகுதியில், தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில் தீப்பிடித்தது. புகை மேல்தளங்களுக்கு ஏறியது. பலர் உறக்கத்திலிருந்தே மீளவில்லை. இந்திய விமானப்படை விமானம் தாயகத்துக்குக் கொண்டுவந்த உடல்கள் 45. அவர்களுள் 7 பேர் தமிழ்நாட்டவர். அந்தச் செய்தியைப் பெருந்தகை ஒரு வரி விடாமல் வாசித்தார். ‘அடப் பாவமே, தூக்கத்துலயே போயிட்டாங்களே’ என்று மனம் கரைந்தார். காபி ஆறிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. பிறகு பேப்பரை நான்காக மடித்து, தாமே கீழே இறங்கிப்போய், மாடிப்படிக்கு அடியில், ஸ்கூட்டர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டின்மேல் ஒழுங்காக அடுக்கிவிட்டு வந்தார்.

மகள் வாரந்தோறும் வீடியோ காலில் வருகிறாள். ‘அப்பா, அலாரத்துல பேட்டரி இருக்கா?’ என்று கேட்கிறாள். ‘பேட்டரியெல்லாம் பத்திரமா இருக்கும்மா’ என்று கையிலிருக்கும் ரிமோட்டைத் தடவியபடி அவர் சொல்கிறார். வாய்மை தவறாதவர். ‘டெஸ்ட் பட்டன் அழுத்திப் பாத்தீங்களா?’ ‘குழந்தை தூங்குறான்மா, பயந்துடுவான்.’ அந்தக் குழந்தைக்கு அந்தச் சத்தம் என்னவென்று இன்றுவரை தெரியாது. அது கேட்டால் எழுந்து, குனிந்து, வாசலுக்கு ஓட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வாசலிலோ கிரில் கேட், கேட்டில் பூட்டு, பூட்டின் சாவி இரவில் பெருந்தகையின் தலையணைக்கு அடியில். பிஞ்சு மனத்தில் அச்சத்தின் நிழல்கூடப் படாமல் வளர்க்கும் பாட்டனார் எத்தனை பேருக்கு வாய்ப்பார்!

இவருக்கு எதிரணியில் நிற்கும் சாமானியர்களும் இந்த ஊரில் அங்கங்கே இருக்கத்தான் செய்கிறார்கள். அழகு தெரியாதவர்கள். புது ஃபால்ஸ் சீலிங் என்றும் பாராமல் துளை போட்டு, படுக்கையறைக்கு ஒன்று, நடைக்கு ஒன்று என்று சீலிங்கின் நடுப்பக்கமாக மாட்டுகிறார்கள். ஃபேனிலிருந்தும் ஏசியிலிருந்தும் அடி அளந்து தள்ளி வைக்கிறார்கள். சாம்பிராணி போடும் பூஜை மாடத்துக்கும் அடுப்புக்கும் எட்டத்தில், ஆனால் உறங்குபவர் காதுக்குக் கிட்டத்தில் இடம் தேடுகிறார்கள். மாதப் பிறப்பன்று துடைப்பக் குச்சியால் டெஸ்ட் பட்டனை அழுத்தி வீட்டையே அதிர வைக்கிறார்கள். தாளிப்புக்குக் கத்தினால் பேட்டரியைக் கழற்றாமல் கருவியை இடம் மாற்றுகிறார்கள். ஸ்கூட்டரைப் படிக்கட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில் சார்ஜ் போடுகிறார்கள். கிரில் சாவியை யாரும் எடுக்கும்படி வாசலருகே ஆணியில் மாட்டுகிறார்கள். நள்ளிரவில் அலாரம் அலறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கலைந்த தலையும் கசங்கிய உடையுமாகத் தெருவில் நிற்க நேர்ந்தாலும் அவர்களுக்கு வெட்கமில்லை. மறுநாள் காலை எல்லோரும் இருக்கிறோமா என்று எண்ணிப் பார்த்துத் தலைக்கணக்குச் சரியாக வந்தால் போதும் என்கிற அற்ப ஆசைக்காரர்கள். அவர்கள் ஒருநாளும் நம் பெருந்தகையின் வரிசையில் வந்து அமர முடியாது.

வாசகப் பெருமக்களே, உங்கள் வீட்டுக் கருவி இப்போது எங்கே இருக்கிறது, அதற்குள் பேட்டரி இருக்கிறதா என்று இன்றே நிமிர்ந்து பாருங்கள். பெருந்தகைக்கு நீங்கள் எவ்வளவு நெருக்கம் என்பது உடனே விளங்கிவிடும். கருவியே இல்லாதவர்கள் அவருடைய பெருமையில் பாதியை ஒரு செலவுமில்லாமல் அடைந்துவிட்டவர்கள்.

தமிழ்நாட்டில் தீயணைப்பு நிலையத்தின் எண் 101. இரவு பகல் பாராமல் எடுக்கிறார்கள், காசும் கேட்பதில்லை. அதை அழைப்பவருக்கு ஒரே ஒரு தகுதி இருந்தால் போதும்: விழித்திருக்க வேண்டும். பெருந்தகையின் இல்லத்தில் அந்தத் தகுதி யாருக்கும் வாய்க்காதபடி எல்லா ஏற்பாடும் குறைவறச் செய்யப்பட்டிருக்கிறது.